எப்பவும் வெறும் கைதான்

"வாயைத் திறந்து வேற எதையாச்சும் உளறி வைக்காதீங்கம்மா. இதுக்கு முன்னாடி அடிச்சதே இல்லைன்னு ஒரே வரி. சொல்லிட்டு இறங்கிடுங்க" என்றார் மகனின் வக்கீல்.

சாட்சிக் கூண்டில் ஏறும்போது அம்மாவின் முட்டி மளுக்கென்றது.

முதல் தடவை கைநீட்டியவன் என்றால் அபராதத்தோடு போய்விடும். அடிப்பதே வழக்கம் என்று தெரிந்தால் சிறை. சட்டம் அப்படி. மகன் வீட்டுக்குத் திரும்புவதா, உள்ளே போவதா என்பது அவள் வாயில் இருந்தது.

மருமகள் ஏற்கெனவே சொல்லிவிட்டாள். கட்டையால் அடிவாங்கிக் கட்டுப்போட்ட இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, இதுதான் முதல் தடவை என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். பாவம், வேறென்ன சொல்வாள்? சாயங்காலம் அவனோடு ஒரே வீட்டுக்குத்தானே போக வேண்டும். புகார் கொடுத்ததே எதிர்வீட்டுக்காரர்கள்.

அம்மாவை அந்த வீட்டில் யாரும் ஒரு ஆளாகவே மதித்ததில்லை. மக்கு, வெகுளி, விவரம் பத்தாதது. எல்லாம் புருஷன் வைத்த பெயர்கள். அவர் போன பிறகு மகன் அவற்றைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டான்.

அவன் மருமகளை அடிக்கும்போதெல்லாம் இந்த மக்கு டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"உங்க மகன் இதுக்கு முன்னாடி அவங்களை அடிச்சிருக்காரா?" அரசு வக்கீல் கேட்டார்.

அம்மா பதறிப்போனாள்.

"ஐயய்யோ, எம்புள்ள அப்படிப்பட்டவன் இல்லீங்க! கட்டையெல்லாம் எடுக்கவே மாட்டான். எப்பவும் வெறும் கைதான். அன்னைக்குத்தான் என்னமோ புத்தி கெட்டுப்போச்சு."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மகனின் வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார்.

எப்பவுமா என்று நீதிபதி கேட்டார். எப்பவும்தாங்க என்றாள், பிள்ளையின் நல்ல குணத்தைச் சொல்பவள் போல.

மதியத்துக்குள் தீர்ப்பாகிவிட்டது. சிறைதான்.

கூட்டிக்கொண்டு போகும்போது மகன் அவளெதிரே நின்றான். காலையில் அவள் இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டை, இன்னும் மடிப்புக் கலையவில்லை. அவனுக்குக் கோபம்கூட வரவில்லை.

"உனக்கு விவரமே பத்தாதும்மா."

திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்து போனாள். கிழம் வாய்தவறி உளறியதற்கு நன்றி வேறு சொல்வார்களா? டிவியை அவள் மறந்திருக்கவும் மாட்டாள்.

அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். பெற்ற வயிறு எரிந்தது. ஆனாலும் உதடுகள் தம்பாட்டுக்கு அசைந்துகொண்டிருந்தன.

கட்டையெல்லாம் எடுக்கவே மாட்டான். எப்பவும் வெறும் கைதான்.

ஒரு வாரமாக, பாத்திரம் துலக்கும்போதெல்லாம், மகன் காதில் விழாதபடி குழாயை முழுசாகத் திறந்துவிட்டுக்கொண்டு, திக்காமல் வரும்வரை சொல்லிச் சொல்லிப் பழகிய வரி அது.