ஆரணியின் ஊதா

மகள் ஆரணி சாவதற்கு முன் கடைசியாக நட்டது ஊதாப் பெட்டூனியா. ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் தவமணி அதன் விதைகளை உறையிலிட்டு, ஆண்டை எழுதிக் கணவரிடம் கொடுப்பாள். கலப்பினப் பூவின் விதை அதே நிறத்தில் பூக்காது என்று சொல்லக் குணநாயகத்துக்கு வாய் வரவில்லை. பனி கொட்டும் பெப்ரவரியில், நிலவறை விளக்கின் கீழ், கடையில் வாங்கிய புது விதைகளையே தட்டில் தூவுவார். கோடையில், "பாத்தீங்களே, அதே ஊதா" என்று அவள் பூவைத் தடவும்போது, அவர் தண்ணீர்க் குழாயைத் திறக்கப் போய்விடுவார்.

இந்தமுறை அவர் தட்டின் மண்ணை நனைத்துக்கொண்டிருந்தபோது தவமணி படியிறங்கி வந்தாள். அவர் கருவிப்பெட்டிக்கு அடியில் ஒளித்துவைத்த ஆறு உறைகளும் அவள் கையில் இருந்தன. ஐந்தை ஒதுக்கிவிட்டு, ஆகப் பழையதை மட்டும் நீட்டினாள்.

"இதுதான் அவளின்ர. இதைப் போடுங்கோ."

"எப்ப கண்டனீர்?"

"முதல் வருசமே. உங்களுக்கு அந்த ஊதா வேணுமாக்கும் எண்டு பேசாமல் இருந்தனான்."

இத்தனை வருடம் கிடந்த விதை முளைக்குமா என்று அவள் கேட்கவில்லை. அவர் உறையைப் பிரித்தார். தூசு போன்ற விதைகள் ஈரவிரலில் ஒட்டிக்கொண்டன. உதற அவருக்கு மனம் வரவில்லை.