பழைய முன்விளக்கு

"தெருவுக்கு நாலு நின்ன வண்டிங்க இது. இதுக்கா இப்ப இவ்வளவு மவுசு?"

கார்க்காரருக்கு நம்பவே முடியவில்லை. வருடக்கணக்காக ஷெட் பக்கமே போகாதவர், மனைவியின் நச்சரிப்பு தாங்காமல்தான் விற்க ஒப்புக்கொண்டார்.

"எல்லாரும் ஓட்டித் தேய்ச்சுக் காயலான் கடைக்குப் போட்டுட்டாங்க. மிச்சம் இருக்கிறதுதான் நாளைக்குப் பொக்கிஷம்," என்ற வாங்க வந்தவர், குனிந்து முன்பக்கத்தைத் தடவினார். "பார்ட்ஸ் எல்லாம் ஒரிஜினல்தானே? மாத்தியிருந்தா மதிப்பு பாதிதான்."

"இடது பக்க விளக்கு மட்டும் மாத்தினது. மழையில ஒரு நாய் குறுக்க வந்துடுச்சு." கார்க்காரர் வலது பக்க விளக்கைத் துடைக்க ஆரம்பித்தார்.

"பழசு இருக்கா?"

ஷெட்டைப் பூட்டுவதற்கு முன் தூக்கிப் போடுவதற்காக எத்தனையோ தடவை எடுத்து, கை வராமல் திரும்ப வைத்த விளக்கு அது. அதற்கும் மதிப்பு உண்டென்றதும் டிக்கியிலிருந்து எடுத்து நீட்டினார்.

வந்தவர் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு கண்ணாடித் துண்டு. விளக்கின் உடைந்த இடத்தில் வைத்தார். அச்சாகப் பொருந்தியது.

"இந்த மாடல்ல ஊர்ல ஒரு வண்டி விடாம பார்த்துட்டேங்க," என்றார் மெதுவாக. "என் பொண்ணு கடைசியா மாட்டிட்டுப் போன ஸ்கூல் பையில இருந்துச்சு இது."