செல்லக் கிருமி

“என்னடா, உன் செல்லப்பிள்ளைக்குச் சாப்பாடு போட்டாச்சா?” என்று கேட்டான் பக்கத்து மேஜை நண்பன்.

“ஆச்சு” என்றான் ஆராய்ச்சி மாணவன்.

அவ்வப்போது புதிய ஊட்டத் தட்டுக்கு மாற்றாவிட்டால், ஆய்வகத்தில் அவன் வளர்க்கும் அந்தக் கிருமி செத்துவிடும். விடுமுறையில்கூட வந்து மாற்றிவிட்டுப் போவான்.

“பெத்த பிள்ளையைக்கூட யாரும் இப்படித் தாங்க மாட்டாங்க!”

பேராசிரியை உள்ளே வந்தார். “எந்தக் காளான் சாற்றுக்கும் இது அசையலையேப்பா. மத்தவங்க சாதுவான கிருமியா எடுத்து, பட்டமே வாங்கிட்டாங்க. இன்னிக்கும் காலை வாரிட்டா இதை அழிச்சிடு. வேற கிருமிக்கு மாறிடு.”

“சரிங்க மேடம்.”

முந்தின நாள் மரக்காளான் சாறு விட்டு வைத்த தட்டை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்தான். தட்டு முழுக்கக் கிருமி படர்ந்திருந்தது. சாறு விட்ட இடத்தைச் சுற்றி மட்டும் கண்ணாடி போல ஒரு வட்டம். அதற்குள் கிருமி வளரவே இல்லை.

“அடேங்கப்பா!” நண்பன் விசிலடித்தான்.

பேராசிரியை தட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மருந்தா வர இன்னும் எவ்வளவோ இருக்கு. ஆனா சாதிச்சிட்டேப்பா! இந்த முரட்டுக் கிருமியை எங்கே பிடிச்சே?”

“ஆஸ்பத்திரி லேப்ல கெஞ்சி வாங்கினேன் மேடம். என் மனைவியோட ரத்தத்துல இருந்தது.”

நண்பன் தட்டையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தான்.

“எந்த மருந்துக்கும் அடங்கலைன்னு டாக்டருங்க கையை விரிச்சிட்டாங்க. அவ போன அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இதை என் கையாலதான் கொல்லணும்னு.”

அவன் சிரித்து அன்றுதான் அவர்கள் பார்த்தார்கள்.