நுனியில் பட்ட காற்று

தச்சுவேலைக்குப் புதிதான பெஞ்சமின், ஸ்டூலைப் பழைய போர்வைமேல் கவிழ்த்துப் போட்டு, சட்டத்தில் துளைத்த சாய்வுக் குழி வழியாக, உட்காரும் பலகைக்குள் ஒரு நீள ஸ்க்ரூவை முடுக்கினான்.

ஸ்க்ரூ மெதுவாகப் பலகையைக் கூப்பிட்டது.

“அக்கா, உங்களத் தாண்டிட்டேன். என் நுனி போர்வையத் தொடுது.”

“வாயத் திறக்காத,” என்றது பலகை. “இந்தப் பக்கம் பார்த்தா எல்லாம் கச்சிதமாத்தான் இருக்கு.”

“நிமித்தினா?”

ஸ்டூல் நிமிர்ந்தது. ஸ்க்ரூவின் நுனியில் காற்று பட்டது. பெஞ்சமின் பலகையைப் பார்க்கவே இல்லை, வாசலைப் பார்த்து, “மாமா, முதல்ல நீங்கதான் உட்காரணும்!” என்று கூவினான்.

மாமனார் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். ஸ்க்ரூ பதறிப்போய்த் தன்னைத் தளர்த்திக்கொள்ளப் பார்த்தது. இம்மிகூட அசைய முடியவில்லை. பெஞ்சமின் தன் வாழ்நாளில் எதையும் அத்தனை கெட்டியாக முடுக்கியதில்லை.