முன்னால் நிற்கும் பெயர்

அலுவலகத்தில் நிரல் மறுபடியும் நின்றுபோனது. அதற்குள் ஒரே பெயரில் இரண்டு மொடியூல்கள், அதாவது தனித்தனியே எழுதிச் சேர்த்த பகுதிகள், இருந்தன. கணினி புதியதை மட்டும் எடுத்தது, பழையதைக் கண்டுகொள்ளவேயில்லை.

“தேவையானதைப் புதுசுக்கை எடுத்துப்போட்டு, பழசை அழிச்சுவிடும் வினோஜா. பன்னிரண்டு மணிக்குக் குடுக்காட்டி இந்த வேலை எங்களுக்கு இல்லை,” என்றான் சிவகரன்.

“வேண்டாம் அண்ணை. ரெண்டையும் வேறை வேறை போல்டரிலை போட்டு, போல்டரின்ரை பேரை முன்னுக்குச் சேர்த்துக் கூப்பிடலாம்.”

“உம்மடை எழுத்திலை அவ்வளவு பாசமோ?”

“பழசு ஆரோ எழுதினது. அதை மறைச்சுக்கொண்டு நிக்கிறதுதான் என்ரை.”

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்க, இரண்டும் ஓடின.

“ஆரோ எழுதினதுக்கு ஏனப்பா இவ்வளவு பாடு?”

வினோஜா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எனக்கு முதல் ஒரு அக்கா இருந்தவ. மூண்டு வயசிலை செத்துப்போனா. அவவின்ரை பேரைத்தான் எனக்கு வைச்சவை. இப்ப வினோஜா எண்டால் வீட்டிலை எல்லாரும் என்னைத்தான் பாப்பினம்.”

சிவகரன், “முன்னுக்கு வேறை ஏதும் சேர்த்திருந்தால்...” என்று இழுத்தான்.

“முன்னுக்கு நிக்கிறது அப்பாவின்ரை பேர், அண்ணை. அது ரெண்டு பேருக்கும் ஒண்டுதான்.”