இணைப்பைத் துண்டிக்கலாமா?

“நான் பேசலைன்னாலும் நீங்க போனை வைக்க மாட்டீங்கல்ல?”

வெகு காலத்துக்கு முன் ஒரு குழந்தை கேட்ட கேள்வி இது. இன்று பிற்பகல் அதே கேள்வியை ஒரு கம்ப்யூட்டர் கேட்டுத் தொலைத்தது.

‘அழைத்தவர் எதுவும் பேசாமல் இருந்தால் இணைப்பைத் துண்டிக்கலாமா? இத்தகைய அழைப்புகளில் பெரும்பாலானவை கை தவறி வந்தவை.’

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து மணிக்குள் திட்டம் போய்ச் சேராவிட்டால் அவசர உதவி மையத்துக்கு வரும் அழைப்புகளைக் கையாளும் மென்பொருளைச் செய்யும் இந்த வேலை கைநழுவிவிடும். கையில் இருப்பதே இந்த ஒரு வேலைதான். இதுவும் போனால் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான்.

கோட் எழுதுவதைப் பற்றிக் கவலை இல்லை. அதைக் கம்ப்யூட்டரில் தானாகவே வேலை செய்யும் ஏஐ ஏஜென்ட்கள் பார்த்துக்கொள்ளும். ஆனால் போன தடவை திட்டமே இல்லாமல் அவற்றை அவிழ்த்துவிட்டதில், யாரும் கேட்காத ஒன்றை ஒரே மூச்சில் கட்டி முடித்துவிட்டன. அந்த வாடிக்கையாளர் வந்த வழியே போய்விட்டார்.

அன்றிலிருந்து ஆபீசில் ஒரு சட்டம். ஏஜென்ட் முதலில் திட்டம் எழுத வேண்டும், சந்தேகங்களைக் கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மனிதர் பதில் சொன்ன பிறகுதான் ஒரு வரி கோட் எழுதலாம்.

மற்றக் கேள்விகளுக்கெல்லாம் பதில் போட்டாயிற்று. இந்த ஒன்றில் வந்து ‘கிசுகிசு’ முரண்டு பிடித்தாள்.

திட்டம் போடும் பொறுப்பு அவளுடையது. போனை எடுத்தால் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, பக்கத்து நாற்காலிக்கும் கேட்காத குரலில் பேசுவாள். அதனால்தான் ஆபீசில் அந்தப் பெயர். மையத்து அதிகாரியிடம் இப்போதும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

“சத்தமாப் பேசும்மா! அந்தம்மா என்ன உன் கூடப் படிச்சவங்களா, ரகசியம் பேச?”

அவள் போனை வைத்தாள். “துண்டிக்காம வச்சிருந்தா ஒவ்வொரு காலுக்கும் நேரம் கூடுமாம், சார். மேலிடம் ஒத்துக்குமான்னு சொல்ல முடியாதாம். முடிவு நம்மளோடதாம்.”

“அப்புறம் என்ன? துண்டிக்கலாம்னு போட்டு அனுப்பு. பதில் சொல்லாம நகரக் கூடாதுன்னு நான்தான் சட்டம் போட்டேன். இப்ப அது என் கழுத்தையே பிடிக்குது.”

“பேசாத காலெல்லாம் கை தவறி வந்தது இல்லையே, சார்.”

“உனக்கு என்ன தெரியும்?” அவர் குரல் உடைந்தது. “நான் அந்த மையத்துல ஹெட்போன் மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தவன்மா. ஒரு நாள் ஒரு குழந்தை பேசுச்சு. வீட்டுக்குள்ள யாரோ பூந்துட்டாங்க, அலமாரிக்குள்ள ஒளிஞ்சிருக்கேன்னுச்சு. நான் பேசலைன்னாலும் வைக்க மாட்டீங்கல்லன்னு கேட்டுச்சு. நான் வைக்கல. மத்த காலெல்லாம் காத்துக் கெடந்துச்சு, நான் வைக்கல. வண்டி போய்ச் சேர்றதுக்குள்ள லைன் செத்துப் போச்சு.”

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

“மறுநாளே என் சீட்டைக் கிழிச்சுட்டாங்க. அங்க என்ன நடந்துச்சுன்னு ஒருத்தரும் எனக்குச் சொல்லல. சொல்ல என்ன இருக்கு? குழந்தையும் போச்சு, வேலையும் போச்சு. இன்னொரு தடவை என்னைத் தெருவுல நிறுத்தப் பாக்கறியா?”

இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும், ‘ஐயோ, குழந்தைக்கு என்ன ஆச்சு?’ என்றுதான் முதலில் கேட்பார்கள். அவள் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

கல் நெஞ்சு என்று நினைத்துக்கொண்டார்.

அறையில் அவரும் அந்தக் கேள்வியும் மட்டும்தான் மிச்சம். அந்தக் குழந்தைக்காக அவர் தினமும் காலையில் ஒரு நிமிடம் கைகூப்புவது வழக்கம், மனைவிக்குக்கூடத் தெரியாது. இன்று இருந்த பதற்றத்தில் அதையும் மறந்திருந்தார். நினைவு வந்ததும் முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டார்.

மேஜை மேல் இருந்த, நம்பர் காட்டாத பழைய போன் அடித்தது. மையத்திலிருந்துதான் இருக்கும். பாய்ந்து எடுத்தார்.

“அனுப்பிடறேன், மேடம்! ரெண்டே நிமிஷம்!”

பதில் இல்லை.

“ஹலோ? யாருங்க?”

மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது. கை தவறி வந்ததுதான் என்று ரிசீவரை இறக்கினார். பாதி வழியில் கை நின்றுவிட்டது. மறுபடி காதில் வைத்துக்கொண்டார்.

“சரி, பேச வேணாம்.” தன்னை அறியாமல் சொன்னார். “நான் இங்கதான் இருக்கேன். வைக்க மாட்டேன்.”

ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டினார்: ‘துண்டிக்கக் கூடாது.’

‘எவ்வளவு நேரம்?’ என்று கேட்டது ஏஜென்ட்.

‘யாராவது போய்ச் சேரும்வரை.’

திருத்திய திட்டம் திரையில் வந்தது. கம்பெனி போனால் போகட்டும், கடவுள் விட்ட வழி. ஒப்புதல் கொடுத்து மையத்துக்கு அனுப்பினார். அப்போதும் ரிசீவரைக் கீழே வைக்கவில்லை.

காதோரம் இருந்த மூச்சு மெல்லத் தேம்பலானது. பிறகு, வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசுகிற ஒரு கிசுகிசுப்பு:

“அன்னிக்கு வண்டி வந்துடுச்சு, சார். நான் பிழைச்சுட்டேன்.”