மாட்டாத கேமரா

“அடாப்டர் போட்டாலும் மாட்டாதுதானே?”

கேமராக் கடைக்காரர் காதைத் தீட்டிக்கொண்டார். இருபது வருடமாகக் கடை வைத்திருக்கிறார். ‘மாட்டுமா?’ என்று கேட்டவர்களைத்தான் பார்த்திருக்கிறாரே தவிர, ‘மாட்டாதுதானே?’ என்று ஆசையாகக் கேட்ட ஆளை இப்போதுதான் பார்க்கிறார்.

“எது மாட்டக் கூடாதும்மா?”

“சிவப்புப் பட்டைக் கம்பெனி லென்ஸ். அதுல ஒண்ணுகூட இந்த நீலப் பட்டை கேமரா பாடியில உட்காரக் கூடாது.”

“உட்காராது. ரெண்டுக்கும் லென்ஸ் மாட்டுற வாயே வேற.”

“அப்போ நீலப் பட்டையையே காட்டுங்கண்ணே.”

முப்பத்தைந்து வயதிருக்கும். தோளில் பழைய துணிப்பை. சொந்தமாக வாங்கும் முதல் கேமரா என்று வந்ததுமே சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழா. அவளுடைய முதல் ஆர்டர். அதற்குள் கேமரா கைக்குப் பழக வேண்டும்.

கடைக்காரர் இரண்டு பாடிகளை எடுத்து வைத்தார். அவள் ஒன்றைத் தூக்கி, வியூஃபைண்டரில் கண்ணை வைத்து, கீழே வைத்தாள். மற்றதை எடுத்தாள். பட்டன்களைப் பார்க்காமலே விரல்களால் தடவித் தேடினாள்.

“இது வேண்டாம். இருட்டு மேடையில வெளிச்சத்துக்குத் தக்கபடி ஐ.எஸ்.ஓ. மாத்த ரெண்டு கையும் வேணும். மத்தது போதும். கூட வர்ற கிட் லென்ஸ் வேண்டாம், ஐம்பது எம்.எம். ஒண்ணு குடுங்க.”

“ஜூம் இல்லாம எப்படிம்மா?”

“கால் இருக்கே, நடந்துக்கிறேன்.”

மூலையில் ரிப்பேர்க்காரர் ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு, திருகாணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவள் அந்த லென்ஸைக் கேமராவில் மாட்டி, இரண்டடி நகர்ந்து, ஒரு முழங்காலை மடக்கி ஒரே ஒரு தடவை பட்டனை அழுத்தினாள்.

கடைக்காரர் திரையை எட்டிப் பார்த்தார். ரிப்பேர்க்காரரின் கடுகடுத்த முகமும், நுனிவிரலில் மின்னும் திருகாணியும் மட்டும் துல்லியமாக இருந்தன. மற்றதெல்லாம் பனிபோலக் கரைந்திருந்தது.

“யாரும்மா நீ? எங்கே கத்துக்கிட்டே?”

“வீட்டுக்காரர் போட்டோகிராபர். எட்டு வருஷம் அவருக்கு லைட் பிடிச்சேன். அவர் எடுக்கிறதைப் பார்த்துப் பார்த்து வந்ததுதான்.”

“அவர் எந்தக் கம்பெனி?”

“சிவப்புப் பட்டை. பதினோரு லென்ஸ் வெச்சிருக்கார். பாடிதான் உடைஞ்சுபோச்சு.”

கடைக்காரர் பேனாவை வைத்துவிட்டார். “பதினொண்ணா! வெண்ணெயைக் கையில வெச்சுக்கிட்டு யாராவது நெய்க்கு அலைவாங்களா? சிவப்புப் பட்டையில பாடி மட்டும் வாங்கினா நாளைக்கே நீ எல்லா வேலைக்கும் ரெடி!”

“தெரியும்ணே. நீலமே குடுங்க.”

அவளுடைய போன் அடித்தது.

“சொல்லுங்க... ஆமா, கடையிலதான் இருக்கேன்... முடியாது... உங்க லென்ஸ் ஒண்ணுகூட எனக்கு வேண்டாம், எத்தனை தடவை சொல்றது?... சரி, குடுக்கிறேன். அவர்கிட்டயும் இதையேதான் சொல்வேன்.”

போனைக் கடைக்காரரிடம் நீட்டினாள். மறுமுனையில் சோர்ந்த குரல். “அண்ணாச்சி, அவ பிடிவாதக்காரி. அவ கேட்கிறதைக் குடுக்காதீங்க. சிவப்புப் பட்டையே குடுங்க. என் லென்ஸ் எல்லாம் இனிமே அவளுக்குத்தான். நான் மனசாரத்தான் தர்றேன்.”

கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“தங்கச்சி, தப்பா நினைக்காதே. எத்தனை வீட்டுல பொண்டாட்டி தலையெடுத்தா புருஷனுக்கு வயிறு எரியுது? இந்த மனுஷன் மொத்தத்தையும் தூக்கித் தர்றேங்கிறார். புருஷன் பொண்டாட்டிக்குள்ள ரோஷம் எதுக்கு?”

“ரோஷம்னே வெச்சுக்கோங்க. பில் போடுங்க.”

“ஒரே ஒரு லென்ஸை வெச்சுக்கிட்டு விழா முழுக்க ஓடப் போறியா?”

“ஓடுறேன். அடுத்த ஆர்டர்ல ரெண்டாவது லென்ஸ்.”

“வீட்டுல பதினொண்ணு சும்மா தூங்கும்போதா?”

“தூங்கட்டும்.”

இவள் கல்லுதான் என்று முடிவு கட்டிக்கொண்டு பில் போட்டார். வாரண்டி அட்டையில் முத்திரை குத்தினார். அவள் பேட்டரியை ஒரு தடவை கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டு, கேமராவைத் துணிப்பைக்குள் பத்திரமாக வைத்தாள். வாசல் வரை போனவளை அவரால் சும்மா அனுப்ப முடியவில்லை.

“ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போம்மா. அவ்வளவு நல்ல மனுஷன்மேல உனக்கு அப்படி என்ன கோபம்?”

அவள் திரும்பினாள். முதல் தடவையாக அவள் குரல் கொஞ்சம் இளகியது.

“மேடையிலேருந்து விழுந்து அவருக்கு வலது கை விரல் மடங்காமப் போயி அஞ்சு மாசம் ஆச்சுண்ணே. தினமும் பயிற்சி பண்ணினா திரும்ப வந்துடும்னு டாக்டர் சொல்றார். இவர் என்னடான்னா, எல்லாத்தையும் எனக்குக் குடுத்துட்டு ஓய்ஞ்சு உட்காரப் பார்க்கிறார். அது மாட்டுற கேமரா கையில இருந்தா நானும் சபலப்பட்டு எடுத்துடுவேன். அந்தப் பதினொண்ணையும் அவரேதான் எழுந்து வந்து எடுக்கணும்.”